முதலில் மவுண்ட், அப்புறம்தான் தொலைநோக்கி: வானியல் புகைப்படம் தொடங்குகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வானத்தைப் படம் எடுக்க ஆசை, என்ன தொலைநோக்கி வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, அதை எதன் மேல் வைக்கப் போகிறீர்கள் என்றுதான். கண்ணால் பார்க்கத் தொலைநோக்கி முக்கியம். படம் எடுக்க, அதைத் தாங்கிக்கொண்டு வானத்தோடு சேர்ந்து திருப்புகிற மவுண்ட்தான் முக்கியம். கையில் இருக்கும் பணத்தில் பாதி அதற்கே போனாலும் தப்பில்லை.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் வாங்கியது 6 அங்குல நியூட்டோனியன், அதாவது குழிக்கண்ணாடி வைத்த தொலைநோக்கி, குவியத் தூரம் (ஃபோக்கல் லெங்த்) 750 மி.மீ., கூடவே ஒரு மெல்லிய மவுண்ட். மொட்டை மாடியில் வைத்து நிலாவைக் காட்டியபோது வீடே வரிசையில் நின்று பார்த்தது. கேமராவை மாட்டியதும் ஒவ்வொரு நட்சத்திரமும் அரிசி மாதிரி நீண்டுபோனது. மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். பிறகு ஒரு நண்பர் கேமராவை வானத்தின் வேகத்தில் திருப்பும் தன்னுடைய சின்ன ஸ்டார் டிராக்கரையும் 135 மி.மீ. லென்ஸையும் ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். அதே கேமரா, அதே மாடி, முதல் இரவிலேயே ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் சிறகு விரித்த மாதிரி திரையில் வந்து நின்றது. நான் பார்த்து நின்றது இப்போதும் நினைவிருக்கிறது.

முதல் படி: ஒரு சின்னக் கணக்கு

பூமி சுற்றுவதால் வானம் நொடிக்குச் சுமார் 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட். உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் எத்தனை ஆர்க்செகண்டை அடக்குகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து, 206 ஆல் பெருக்கி, மி.மீ.யில் உள்ள குவியத் தூரத்தால் வகுத்தால் போதும்.

பழைய கேனான் 600டி கேமராவில் பிக்சல் 4.3 மைக்ரான். 135 மி.மீ. லென்ஸோடு சேர்த்தால் பிக்சலுக்குச் சுமார் 6.6 ஆர்க்செகண்ட், 750 மி.மீ. தொலைநோக்கியோடு சேர்த்தால் 1.2 தான். எல்லா மவுண்டின் பல்சக்கரத்திலும் சின்னச் சின்னப் பிசகு உண்டு, அது ஒரு சுற்றுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஆடும். ஒரு சாதாரண மவுண்ட் பத்து நிமிடச் சுற்றில் மொத்தம் 40 ஆர்க்செகண்ட் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட எக்ஸ்போஷருக்குள் அது மோசமான நேரத்தில் 12 ஆர்க்செகண்ட் வரை நகரும். 135 மி.மீ. லென்ஸில் அது இரண்டு பிக்சல், கண்ணுக்கே தெரியாது. 750 மி.மீ. தொலைநோக்கியில் பத்து பிக்சல், படத்தைத் தூக்கி எறிய வேண்டியதுதான். நான் மூன்று மாதம் மல்லுக்கட்டியது இந்தப் பத்து பிக்சலோடுதான், அப்போது எனக்கு இந்தக் கணக்கு தெரியாது.

அதனால் குவியத் தூரத்தைக் குறைத்துத் தொடங்குங்கள். 135 முதல் 300 வரை நல்ல எல்லை, 400க்கு மேல் போக அவசரப்படாதீர்கள்.

இரண்டாம் படி: எந்த வகை மவுண்ட்

ஆல்ட்-அசிமுத் என்பது மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புகிற எளிய மவுண்ட். மோட்டார் இருந்தால் நட்சத்திரத்தைத் தொடரும், ஆனால் படச்சட்டம் மெதுவாகச் சுழன்றுகொண்டே போகும். நம் அட்சரேகையில் இந்தச் சுழற்சி வடக்கிலும் தெற்கிலும், முக்கியமாக உச்சிக்குப் பக்கத்திலும் அதிகம், நேர் கிழக்கிலும் மேற்கிலும் மிகக் குறைவு. ஸீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் தொலைநோக்கிகள் அடிப்படையில் இந்த வகைதான். 50 மி.மீ. விட்டம், 250 மி.மீ. குவியத் தூரம், உள்ளேயே கேமரா, கைபேசியில் ஒரு தட்டு தட்டினால் அதுவே பொருளைத் தேடிப்போய்ப் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாகத் தரும். இதை வாங்குவதைக் குறைவாக நினைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், குழந்தைகளுக்கும் காட்ட வேண்டும் என்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். கிழக்கிலோ மேற்கிலோ 30 முதல் 60 டிகிரி உயரத்தில் இருக்கும் பொருளை எடுங்கள், சுழற்சித் தொல்லை குறையும். கற்றுக்கொண்டே போய் ஒவ்வொரு பாகமாக மாற்ற வேண்டும் என்றால் மட்டும் இது உதவாது, ஏனென்றால் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கிறது.

அடுத்தது ஸ்டார் டிராக்கர். வட துருவத்தை நோக்கிச் சாய்த்து வைத்தால் ஒரே அச்சில் வானத்தின் வேகத்தில் சுழலும். ஸ்கை-வாட்சர் ஸ்டார் அட்வென்ச்சரர் 2ஐ, ஐஆப்ட்ரான் ஸ்கைகைடர் ப்ரோ இரண்டுமே 5 கிலோ வரை தாங்கும் என்று சொல்லப்படுபவை. பேருந்தில் தோள்பையில் கொண்டுபோகலாம். தொடங்குகிறவருக்கு, கேமராவும் ஒரு லென்ஸும் ஏற்கெனவே இருந்தால், என் தேர்வு இதுதான். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ஸ்டார் அட்வென்ச்சரர் ஜிடிஐ வாங்கலாம், அதே 5 கிலோ, ஆனால் இரண்டு அச்சிலும் மோட்டார், பொருளை அதுவே தேடிப் போகும். விளக்கு வெளிச்சம் நிறைந்த மாடியில் கண்ணுக்கு நாலு நட்சத்திரம்தான் தெரியும் என்கிற நிலையில் இந்தத் தேடிப் போகிற வசதிக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

அதற்கு மேலே முழு ஈக்வடோரியல் மவுண்ட்கள், டிராக்கர் மாதிரியே துருவத்தை நோக்கிச் சாய்ந்து, இரண்டு அச்சிலும் திரும்புபவை. எச்ஈக்யூ5 ப்ரோ சுமார் 13 கிலோ தாங்கும், ஈக்யூ6-ஆர் ப்ரோ 20 கிலோ தாங்கும். இந்த எண்களை அப்படியே நம்பி ஏற்றாதீர்கள், அவை கண்ணால் பார்ப்பதற்கான அளவுகள். படம் எடுக்க அதில் பாதி, மிஞ்சிப்போனால் அறுபது சதவீதம்தான் ஏற்றலாம். அப்புறம் மவுண்டின் சொந்த எடையையும் பாருங்கள். ஈக்யூ6-ஆரின் தலை மட்டும் 17 கிலோ, முக்காலியும் எதிர் எடைகளும் தனி. மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் இல்லாத வீட்டில் ஒவ்வொரு இரவும் அதைச் சுமந்து ஏற முடியுமா என்று இப்போதே யோசித்துவிடுங்கள், ஏனென்றால் சுமக்க முடியாத மவுண்ட் பரண் மேல்தான் இருக்கும்.

இந்த எடைத் தொல்லைக்கு விடையாக வந்தவை, வளைந்துகொடுக்கும் மெல்லிய பல்சக்கரம் வைத்த ஸ்ட்ரெய்ன் வேவ் கியர் மவுண்ட்கள். இசட்டபிள்யூஓ ஏஎம்5 வெறும் 5 கிலோ, எதிர் எடை இல்லாமலே 13 கிலோ தாங்கும். அருமையான பொருள்தான். ஆனால் இவற்றின் ஆட்டம் அதிகம், கைடிங் இல்லாமல், அதாவது இன்னொரு கேமரா ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்டைத் திருத்தாமல், நீண்ட எக்ஸ்போஷர் சரியாக வராது. முதல் மவுண்டாக வாங்கினால் கைடிங்கையும் முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டிவரும். அதற்குத் தயார் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

மூன்றாம் படி: நம் ஊரின் அட்சரேகை

இதுதான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்படும் வழிகாட்டிகளில் கிடைக்காத பகுதி, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஈக்வடோரியல் மவுண்டின் அச்சை உங்கள் ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்க்க வேண்டும். லண்டனில் அது 51 டிகிரி. சென்னையில் 13, கோவையில் 11, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 10க்குக் கொஞ்சம் கீழே, கன்னியாகுமரியில் 8. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் ஈக்வடோரியல் வகைதான். அதன் குதிரை லாட வடிவச் சட்டம் தரையிலிருந்து பன்னிரண்டரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது, அதாவது அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கிறது. உங்கள் மவுண்டும் அப்படித்தான் படுத்துக்கொள்ளப் போகிறது.

வாங்கும் முன் அதன் அட்சரேகை எல்லையைக் கட்டாயம் பாருங்கள். சில மவுண்ட்கள் 15 அல்லது 20 டிகிரிக்குக் கீழே இறங்காது. இறங்கும் மவுண்டிலும் எதிர் எடைக் கம்பி நேர் கீழாகத் தொங்கி முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். முக்காலியைத் திருப்பி இரண்டு கால்களுக்கு நடுவே வடக்கு வரும்படி வைத்தால் கம்பிக்கு இடம் கிடைக்கும், ஆனால் பாரம் வடக்கே சாய்வதால் நிலைப்பு கொஞ்சம் குறையும், ஆகவே கால்களை நன்றாக அகட்டி வையுங்கள். இதைவிட நல்ல வழி, முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே ஒரு குட்டைத் தூண் போடுவது. கடையில் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பியரைத்தான் சொல்கிறேன், நல்ல லேத் பட்டறை பக்கத்தில் இருந்தால் அங்கேயும் கடைந்து வாங்கலாம். அச்சின் சாய்வை மாற்றும் உயரத் திருகைத் திருப்பும்போது தொலைநோக்கியை இறக்கிவிட்டுத் திருப்புங்கள், இவ்வளவு தாழ்வான கோணத்தில் முழுப் பாரமும் அந்த ஒரு திருகின் மேல்தான் நிற்கிறது.

இன்னொரு சிக்கல் துருவ நட்சத்திரம். நமக்கு அது அடிவானத்துக்கு மேல் 8 முதல் 13 டிகிரியில்தான் இருக்கிறது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, ஒரு தென்னை, கொஞ்சம் புகைமூட்டம், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், மறைந்துவிடும். தெரிந்தால் போலார் ஸ்கோப், அதாவது மவுண்டின் அச்சு வழியே துருவத்தைப் பார்க்கும் குட்டித் தொலைநோக்கி, வழியாகப் பாருங்கள். துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல் விலகியிருக்கிறது, அதை நடுவில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், கைபேசிச் செயலி காட்டும் கடிகார நிலையில் வைக்க வேண்டும். 135 மி.மீ. லென்ஸில் நடுவில் வைத்தாலே அரை நிமிடம், ஒரு நிமிடம் வரை தாக்குப்பிடிக்கும். அதற்கு மேலே தாங்காது.

துருவ நட்சத்திரமே தெரியவில்லை என்றால் மடிக்கணினியில் நினா என்கிற இலவச மென்பொருளைப் போட்டு, அதன் மூன்று புள்ளி துருவச் சீரமைப்பைப் பயன்படுத்துங்கள். இதற்கு கேமராவும், இரண்டு மோட்டார் உள்ள மவுண்டும் கணினியில் இணைந்திருந்தால் நல்லது. வானத்தின் எந்தப் பகுதியையும் மூன்று படம் எடுத்து, அவற்றிலுள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அதுவே சொல்லும், நீங்கள் திருகைத் திருப்பினால் போதும். வடக்கே அடுக்குமாடி மறைக்கிற எத்தனையோ பேரை இந்த ஒரு வசதி காப்பாற்றியிருக்கிறது.

மாடியில் வடக்கு எது என்று கைபேசித் திசைகாட்டியை நம்பாதீர்கள், தளத்துக்குள் இருக்கும் கம்பி அதைக் குழப்பும். சூரியன் உச்சத்தைக் கடக்கும் நேரத்தில் ஒரு தூக்குக்குண்டின் நிழலைத் தரையில் கோடாகப் போடுங்கள், அதுதான் சரியான வடக்கு தெற்கு. அந்த நேரம் மதியம் 12 ஆக இருக்காது, ஏதாவது ஒரு வானியல் செயலி உங்கள் ஊருக்குச் சொல்லும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் இந்த முறை உதவாது, அந்த நாட்களில் நிழலே விழாது. கோட்டைப் போட்டபின் முக்காலியின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தில் பெயிண்டால் குறி வையுங்கள். அடுத்த இரவு அமைக்கும் நேரம் பாதியாகக் குறையும்.

நான்காம் படி: மேலே என்ன வைப்பது

கையில் இருக்கும் லென்ஸில் தொடங்குங்கள். 50 மி.மீ. லென்ஸ்கூடப் போதும், திருவாதிரை நட்சத்திரத்திலிருந்து ரைஜல் வரை முழு ஓரியனும் அதில் அடங்கும். வாங்குவதென்றால் சாம்யாங் 135 மி.மீ. எஃப்/2 லென்ஸ் இந்த வேலைக்கு என்றே செய்த மாதிரி இருக்கும், ஒளி புகும் துளையை எஃப்/2.8க்குச் சுருக்கினால் ஓரம் வரை நட்சத்திரம் புள்ளியாக நிற்கும். தொலைநோக்கிதான் வேண்டும் என்றால் 50 முதல் 70 மி.மீ. விட்டமுள்ள சின்ன ஏபோக்ரோமேட்டிக் ரிஃப்ராக்டர், அதாவது நிறங்கள் பிரிந்து தெரியாத லென்ஸ் தொலைநோக்கி, பாருங்கள். ரெட்கேட் 51 போன்றது 250 மி.மீ. குவியத் தூரத்தில் படத்தின் ஓரத்து நட்சத்திரங்களைச் சரிசெய்யும் ஃபிளாட்னர் லென்ஸ் எதுவும் தனியாகக் கேட்காது. மற்ற பல ரிஃப்ராக்டர்களுக்கு ஃபீல்டு ஃபிளாட்னர் தனியாக வாங்க வேண்டும், விலை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நியூட்டோனியன் குறைந்த விலைக்குப் பெரிய விட்டம் தருகிறது, ஆசை வரும். ஆனால் காற்றில் பாய்மரம் மாதிரி ஆடும், கண்ணாடிகளை அடிக்கடி நேர்ப்படுத்த வேண்டும், கண்ணால் பார்க்கச் செய்த சில மாடல்களில் கேமராவை மாட்டினால் ஃபோகஸே கிடைக்காது. இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கேமரா

வீட்டில் டிஎஸ்எல்ஆர் இருந்தால் அதுவே போதும். அதில் ஒரு குறை, உள்ளே இருக்கும் வடிகட்டி ஹைட்ரஜன் வெளியிடும் 656 நானோமீட்டர் சிவப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஓரியன், கரீனா போன்ற பிரகாசமான நெபுலாக்கள் அப்படியும் வரும், மங்கலானவைதான் வராது.

குளிரூட்டும் கேமரா வாங்கும் நாள் வந்தால் நம் ஊரின் வெப்பத்தை நினைவில் வையுங்கள். ஏஎஸ்ஐ533 எம்சி ப்ரோ போன்றவை சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 35 டிகிரி குறைக்கும். மே மாதச் சென்னை இரவு 30 டிகிரி என்றால் மைனஸ் 5 தான் எல்லை. மைனஸ் 20இல் வைத்து எடுத்தேன் என்று குளிர்நாட்டுக்காரர் எழுதுவதைப் பார்த்து ஏங்க வேண்டாம். 0 டிகிரியில் நிறுத்தி, வருடம் முழுவதும் அதே 0இல் எடுத்தால் ஒருமுறை எடுத்த டார்க் படங்களையே, அதாவது சென்சாரின் இரைச்சலைக் கழிக்க மூடி போட்டு எடுக்கும் படங்களையே, மாதக்கணக்கில் பயன்படுத்தலாம்.

நகரத்திலிருந்து எடுப்பவர்களுக்கு ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற இரண்டு நிறங்களை மட்டும் விடும் டூயல் பேண்டு வடிகட்டி உண்மையிலேயே உதவும், ஆப்டோலாங் எல்-எக்ஸ்ட்ரீம் அதில் ஒன்று. வாயு நெபுலாக்களுக்கு மட்டும்தான். ஆந்திரமேடா கேலக்ஸிக்கும் கார்த்திகைக் கூட்டத்துக்கும் அதைப் போடாதீர்கள், அங்கே இருட்டான ஊருக்குப் போவது ஒன்றே வழி.

ஆறாம் படி: கைடிங் எப்போது வேண்டும்

300 மி.மீ.க்குள், ஒரு நிமிடத்துக்குள் எடுக்கும்வரை தேவையில்லை. அதற்கு மேலே போனால் 30 மி.மீ. குட்டிக் கைடு ஸ்கோப், ஏஎஸ்ஐ120 எம்எம் மினி போன்ற ஒரு கேமரா, பிஎச்டி2 என்ற இலவச மென்பொருள், இவ்வளவே. ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, அது நகர்ந்தால் மவுண்டுக்குத் திருத்தம் அனுப்பும். பிஎச்டி2 காட்டும் ஆர்எம்எஸ் எண், அதாவது சராசரிப் பிசகு, உங்கள் ஒரு பிக்சல் அடக்கும் ஆர்க்செகண்டைவிடக் குறைவாக இருந்தால் திருப்திப்பட்டுக்கொண்டு படம் எடுங்கள், வரைபடத்தை அழகாக்குவதில் இரவைக் கழிக்காதீர்கள். பல்சக்கர மவுண்டில் கிழக்குப் பக்கம் சற்றே பாரம் கூடுதலாக இருக்கும்படி சமன் செய்தால் பற்கள் ஒட்டியே நிற்கும், ஆட்டம் குறையும்.

ஏழாம் படி: மின்சாரமும் பனியும்

மவுண்ட், குளிரூட்டும் கேமரா, பனித்தடுப்பு ஹீட்டர் எல்லாம் சேர்ந்து 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கலாம். 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி அதற்கு நாலு மணி நேரம் வரும். டிராக்கரும் டிஎஸ்எல்ஆரும் மட்டும் என்றால் ஒரு பவர் பேங்க்கும் கூடுதல் கேமரா பேட்டரியும் போதும். ஈரப்புல்லில் வீட்டு மின்சார எக்ஸ்டென்ஷன் கம்பியை இழுக்காதீர்கள்.

ஹீட்டர் பட்டையை ஆடம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் ஏலகிரியிலோ கொல்லிமலையிலோ பத்து மணிக்குமேல் லென்ஸ் முகம் நனைந்துவிடும், ஒரு மணி நேரம் கழித்துத்தான் உங்களுக்கே தெரியும். வீட்டுக்கு வந்ததும் நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நம் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடித்தால் லென்ஸ் பழைய நிலைக்குத் திரும்பாது.

எட்டாம் படி: எப்போது, எங்கே, எதை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நமக்குப் பொற்காலம். ஜனவரி, பிப்ரவரியில் ஓரியன், சென்னையில் 71 டிகிரி உயரத்தில் ஏறிவரும். அவ்வளவு உயரத்தில் கேமரா முக்காலிக் காலில் இடிக்கிறதா என்று முன்பே கையால் திருப்பிப் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் தெற்கே திரும்புங்கள், அங்கேதான் நம் அட்சரேகையின் வரம் இருக்கிறது. லண்டன்காரர் தன் ஊரில் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தாலும் காண முடியாத ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கூட்டம் மதுரையில் 32 டிகிரி உயரத்தில் நிற்கிறது, கரீனா நெபுலா 20 டிகிரியில். கரீனாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், ஓரியனைவிடப் பெரியது.

கடற்கரை இருட்டாக இருக்கும், ஆனால் முக்காலி மணலில் இறங்கும். காலுக்கு அடியில் மூன்று ஓட்டுத் துண்டோ பலகையோ வையுங்கள், வந்ததும் உப்பைத் துடையுங்கள். மலையில் வனப்பகுதி என்றால் அனுமதி இல்லாமல் இரவில் நிற்காதீர்கள், யானை நடமாட்டம் விளையாட்டில்லை. மாடியில் எடுக்கும்போது யாரும் நடக்கக் கூடாது, தளம் அதிர்வது படத்தில் தெரியும்.

ஒன்பதாம் படி: முதல் இரவு

வெளிச்சம் இருக்கும்போதே எல்லாவற்றையும் மாட்டி, சமன் செய்து, கம்பிகள் சிக்காமல் கட்டிவிடுங்கள். இருட்டியதும் துருவச் சீரமைப்பு. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள், லென்ஸ் முன் மாட்டும் கோடு வெட்டிய மூடியான பாட்டினோவ் மாஸ்க் இருந்தால் ஒரு நிமிட வேலை. ஃபோகஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ரா வடிவம், ஐஎஸ்ஓ 800, 30 நொடி. ஒரு படம் எடுத்து, கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமின் மேடு இடமிருந்து கால் பங்கில் இருக்கிறதா என்று பாருங்கள், வலப்பக்கம் போயிருந்தால் நேரத்தைக் குறையுங்கள். நட்சத்திரம் வட்டமாக இருந்தால் 120 படங்கள் எடுக்கச் சொல்லிவிட்டுத் தள்ளி உட்காருங்கள், மொத்தம் ஒரு மணி நேர ஒளி.

முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே நொடி, அதே ஐஎஸ்ஓவில் 20 டார்க் படங்கள். ஃபோகஸை அசைக்காமல், லென்ஸ் மேல் வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து, விடியற்கால வானத்தை நோக்கி 20 ஃபிளாட் படங்கள். லென்ஸ் ஓரத்து இருட்டையும் சென்சார் தூசியையும் நீக்க இவை கட்டாயம் வேண்டும். இந்தப் படங்களை எடுக்காமல் தூங்கப் போகாதீர்கள், மறுநாள் எடுக்கலாம் என்றால் தூசி இடம் மாறியிருக்கும். எல்லாவற்றையும் சிரில் மென்பொருளில் போட்டு அடுக்குங்கள், அது இலவசம். நகர வெளிச்சம் படத்தில் பூசிய சாயத்தை கிராஎக்ஸ்பெர்ட் எடுத்துவிடும், அதுவும் இலவசம். முதல் தடவை அடுக்கிய படம் கறுப்பாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம், மங்கலானதை வெளிச்சமாக்கும் ஸ்ட்ரெட்ச் என்கிற பொத்தானை அழுத்துங்கள்.